பதினேழாம் வரி

முதல் பனி விழுந்த காலை
தோர்னியோவிலிருந்து ஐமோ கூப்பிட்டார்.
"உன் பட்டியல் பொய் சொல்லுது."
வணக்கம்கூட இல்லை.

கெமியிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர்.
கோடை டயரிலேயே போனேன்,
வளைவுக்கு வளைவு மூச்சைப் பிடித்துக்கொண்டு.

கடையின் பின்கொட்டகையில்
அறுநூற்றுச் சொச்சம் பேரின் குளிர்காலம்
நான்கு நான்காகக் கட்டி அடுக்கியிருக்கிறது.
எது யாருடையது என்று
ஐமோவின் மேசைக் கணினிக்குத்தான் தெரியும்.
அதற்குச் சொல்லிவைத்தவள் நான்,
எட்டு வருஷத்துக்கு முன்னால்,
ஒரு வார இறுதியில், பாதித் தூக்கத்தில்.

நடந்தது இவ்வளவுதான்.
இன்று வரவேண்டியவர்கள் நாற்பத்தொரு பேர்.
ரைலி கூசெலாவின் வரியைத் தொட்டு நீலமாக்கினார்.
தட்டு எண்ணைப் படிக்குமுன் போன்.
பாலத்துக்கு அப்பால், ஸ்வீடன் பக்கத்து ஹெட்மன்:
எட்டு மணி என்றால்
உங்கள் எட்டா, எங்கள் எட்டா?
பேசிக்கொண்டே அவரையும் சேர்த்தார்.
பட்டியல் தன்னை ஒருமுறை உதறிக்கொண்டு
அகர வரிசையில் மறுபடி அமர்ந்தது.
எல்லோரும் ஒரு படி இறங்கினார்கள்.
நீலம் மட்டும் நகரவில்லை.

கொர்ப்பேலாவின் டயரை மாட்டிக்கொண்டு
ரைலி கூசெலா போய்விட்டார்.
அளவு ஒன்றுதான். கேட்கவா வேண்டும்.
எய்னாரி கொர்ப்பேலா மூலை நாற்காலியில்
மூன்றாவது காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"பதினெட்டாவது வரி," என்றார் ஐமோ,
கிரீஸ் விரலால் திரையைத் தொட்டு எண்ணி.
எனக்கு அது பதினேழு.
சுழியத்திலிருந்து எண்ணிப் பிழைக்கிறவள் நான்.
அந்த ஒன்றுக்காகவே
கால்மணி நேரம் வாதாடினோம்.

முதலில் திரையை மறுபடி வரையச் சொன்னேன்.
வரைந்தது, அதே தப்பை, இன்னும் துல்லியமாக.
பிறகு மொத்தமும் புதிதாக நிரப்பினேன்.
பழையதை அழிக்க மறந்ததில்
ஆளுக்கு இரண்டாக வந்து நின்றார்கள்.
மூலையிலிருந்து கொர்ப்பேலா எட்டிப்பார்த்து
"நான் ரெண்டு பேரா?
அப்படின்னா எட்டு டயர் குடுங்க" என்றார்.
சிரிக்க முடியவில்லை.
நியாயம் அவர் பக்கம்.

பதினோரு மணிக்குக் கண்ணில் பட்டது.
ஒரே ஒரு வரி, என் கைப்பட:
அடுக்குமுன் எந்த இடம் என்று குறித்துக்கொள்,
அடுக்கியபின் அந்த இடத்துக்கே போ.
இடத்தைத்தான் நினைவில் வைத்திருக்கிறது.
இடத்தில் இருந்தவரை அல்ல.
திரையரங்கில் இருக்கை எண்ணை மட்டும் பார்த்து
இருட்டில் யாரோ ஒருவரின் தோளைத் தட்டி
"வீட்டுக்குப் போகலாமா" என்பது போல.

மாற்றினேன். வாடிக்கையாளர் எண்ணைப் பிடித்துக்கொள்,
அடுக்கு, அவர் எங்கே போயிருந்தாலும் தேடிப் போ,
காணவில்லையென்றால்
யாரையும் நீலமாக்காதே.
கடைசி வரியை எட்டு வருஷம் முன்பே
எழுதியிருக்க வேண்டும்.

"சரியாயிடுச்சா?" என்றார் கொர்ப்பேலா.
பட்டியல் சரியாயிடுச்சு.
"என் டயர்?"
ரொவனியெமி சாலையில்
எண்பதில் போய்க்கொண்டிருக்கலாம்.
ஐமோ போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

கிளம்புமுன் என் பெயரைத் தேடினேன்.
தூலிக்கி ஹைரினன். இல்லை.
காலையில் வரும்போதே சொல்லியிருந்தேன்,
எனக்கும் மாட்டணும் என்று.
"போட்டேனே, பார்," என்று
பதிவுப் படிவத்தைத் திறந்து காட்டினார்.
இருந்தது. பெயர், வண்டி எண், தட்டு.
ஓரத்தில் சின்னப் பென்சில் சின்னம்.
எழுதியவர் அந்த வரியைவிட்டு விலகும்வரை
அது சேமிக்கப்படுவதில்லை;
அவருக்கு மட்டும் தெரியும்,
வேறு யார் கணக்கிலும் இல்லை.

இதுவும் என் வேலைதான்.
இதை இன்று திருத்தப்போவதில்லை.
கீழ் அம்பை ஒருமுறை தட்டச் சொன்னேன்.

தட்டினார்.
பென்சில் போனது.
பதின்மூன்றாவதாக வந்தேன்.
ஐமோவுக்குப் பதினான்கு.